வீட்டுப் பனைக்கு உத்தரவு

நம்முடைய தேசத்தில் மரம் வைப்பதற்கு யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. மாம்பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கொல்லைப்புறத்தில் எறிந்தால் போதும். நாலு மழை பெய்தால் அது தானாகவே முளைத்துக்கொள்ளும். ஆனால் வளர்ந்த மரத்தை எடுக்க வேண்டும் என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்துவிட்டாலோ, அபிப்பிராயம் சொல்லாதவர்களே கிடையாது. இலை கூட்டியே இடுப்பு ஒடிந்தது என்கிறாள் வீட்டு அம்மாள். வேர் அஸ்திவாரத்துக்குள் போய்விட்டது என்று பயமுறுத்துகிறார் கொத்தனார். கிளை எங்கள் ஓட்டின்மேல் சாய்கிறது என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். பச்சை மரத்தின்மேல் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று திண்ணையிலிருந்து குரல் கொடுக்கிறாள் பாட்டி. இவர்கள் எல்லாரும் சொல்லி முடித்த பிறகு, ஸர்க்காரும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று வருகிறது. அந்தக் கடைசி வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

"சொந்த நிலம், சொந்த மரம், சொந்தக் கோடரி, இதில் மூன்றாம் மனிதருக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமாகவே தோன்றும். ஆயினும் மரத்தை வெட்டுமுன் உத்தரவு கேட்பது நம்மவர்களுக்குப் புதிய வழக்கம் அன்று. சிற்பிகளுக்கென்று எழுதப்பட்ட மயமதம் முதலிய சாஸ்திர நூல்களில், மரம் எடுக்கக் காட்டுக்குப் போகும் தச்சன் முதலில் பூஜை செய்து, மரத்தில் வாசம் செய்யும் பூதங்களை வேறிடம் போகும்படி வேண்டிக்கொள்ள வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த மனுவுக்கு முத்திரைக் கட்டணம் இல்லை. பதிலுக்காக ஆபீஸ் வாசலில் காத்துக் கிடக்கவும் வேண்டியதில்லை. பூதங்கள் இருந்த ஸ்தானத்தில் இன்று ஜில்லா கலெக்டர் இருக்கிறார் என்பதே வித்தியாசம்.

இந்தப் பேச்சு இப்போது எழுவதற்குக் காரணம் பனை. பனை நம் ராஜ்யத்தின் மரம் என்று ஸர்க்காரே பிரகடனம் செய்திருக்கிறது. 2021 ஆகஸ்டில், தமிழ்நாட்டுச் சட்டசபையில் விவசாயத்துக்கென்று முதன்முறையாகத் தனி வரவுசெலவுத் திட்டம் படிக்கப்பட்டபோது, பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி கட்டாயமாக்கப்படும் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு முறையான உத்தரவாக உருவெடுக்க நாலு வருஷம் ஆயிற்று. 2025 செப்டம்பரில் வெளிவந்த உத்தரவின்படி, தவிர்க்க முடியாத காரணத்தால் பனையை எடுக்க விரும்புகிறவர் கைப்பேசியிலுள்ள 'உழவன்' செயலி வழியாக விண்ணப்பம் செய்துகொள்ள வேண்டும். வட்டார அளவிலுள்ள குழுவினர் விஷயத்தைப் பரிசீலிக்க வேண்டும். கலெக்டரின் தலைமையிலுள்ள ஜில்லாக் குழு அனுமதி வழங்க வேண்டும். அனுமதி பெற்று ஒரு பனையை வீழ்த்தியவர், அதற்கு ஈடாகப் பத்துப் பனங்கன்றுகளை நட்டு வளர்க்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஒரு பனைக்கு ஏன் என்று கேட்கலாம். காரணம் அந்த மரத்தின் சுபாவத்திலேயே இருக்கிறது. பனை முதன்முதலில் பூப்பதற்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து வருஷம் ஆகும். சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். அதுவரையில் அது ஆண்பனையா, பெண்பனையா என்று சொல்ல முடியாது. வைத்தவர் நுங்கு தின்பதற்கு உத்தரவாதம் இல்லை, பிள்ளை தின்னலாம். இப்படி ஒரு தலைமுறைக் காலம் எடுத்துக்கொண்டு நிமிர்ந்த மரத்தை, இயந்திர வாளால் அறுத்துத் தள்ள அரை மணி நேரம் போதும். அப்படி அறுத்துத் தள்ளிய மரங்களில் பெரும்பாலானவை வீட்டுக்கு உத்தரமாகவோ வாரையாகவோ போகவில்லை. செங்கல் சூளைக்கு விறகாகப் போயின. பதநீரும் கருப்பட்டியும் ஓலையும் கிழங்கும் தந்து எழுபது எண்பது வருஷம் நிற்கக்கூடிய ஒரு ஜீவன் ஒரே இரவில் சாம்பலாவதைக் கண்டு சும்மா இருந்தால், அது ஸர்க்கார் ஆகாது. ஆகையால் உத்தரவின் நோக்கத்தில் நமக்கு ஆட்சேபம் இல்லை. அந்த உத்தரவு ஒரு சிறிய வீட்டின் வாசலில் வந்து நிற்கும்போது என்ன ஆகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சென்னைக்கு வடக்கே எண்ணூரைத் தாண்டினால், ஒரு பக்கம் வங்கக் கடலும் மறு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கழியுமாக, நடுவே இடுங்கிக் கிடக்கும் மணல் திட்டின்மேல் காட்டுப்பள்ளி இருக்கிறது. திருவள்ளூர் ஜில்லா, பொன்னேரி தாலுகாவைச் சேர்ந்த ஊர். மணலோடு வடக்கே போனால் பழவேற்காடு. இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரிதென்று சொல்லப்படும் உவர்நீர் ஏரி அங்கே விரிந்து கிடக்கிறது. இரண்டு ஊர்ப் பெயர்களிலும் காடு இருப்பதைக் கவனியுங்கள். பழவேற்காடு என்பதற்குப் பழைய வேலங்காடு என்றே பொருள் சொல்வார்கள். இந்த மணற்பிரதேசத்தில் மரம் என்பது அலங்காரப் பொருள் அன்று. மணல்மேடு மழைநீரைத் தன்னுள் வாங்கி வைத்துக்கொண்டு, கடலுக்கு அருகிலேயே குடிக்கத் தக்க ஊற்றுநீரைத் தருகிறது. பனையும் பூவரசும் சவுக்கும் அந்த மணலைக் காற்று அள்ளிப் போகாமல் பிடித்து வைக்கின்றன. பழவேற்காட்டுப் பெண்கள் பனை ஓலையை வகிர்ந்து சாயமிட்டுப் பெட்டியும் கூடையும் முடைகிறார்கள். பலருக்கு அது கைச்செலவுக்கு மட்டுமல்ல, அடுப்பெரிவதற்கே ஆதாரம்.

இந்தக் கரையில் ஒரு மீனவக் குடும்பத்தை நாம் மனத்தில் கற்பனை செய்து கொள்வோம். மூன்று சென்ட் மனை. ஓர் அறை, ஒரு சமையல் தாழ்வாரம். பேரனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. இன்னோர் அறை போடாமல் தீராது. அறை போட வேண்டிய இடத்தில் ஒரு பனை நிற்கிறது.

"ஆயா, இந்தப் பனையை எடுத்தாத்தான் ரூம் கட்ட எடம் கெடைக்கும்" என்கிறான் பேரன்.

"எடுக்கலாம்டா. ஒங்க தாத்தா வச்ச மரம். வர்தா புயலுக்கு ஊரு ஓடெல்லாம் பறந்துச்சே, இது அசைஞ்சுதா?"

"அதுக்காவக் கல்யாணத்தைத் தள்ளிப் போட முடியுமா, ஆயா?"

ஆயாவின் கட்சியும் நியாயம். பேரனுடைய கட்சியும் நியாயம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் கரை ஏறியபோது, நிழலுக்காக நட்ட அந்நிய மரங்கள் ஆயிரக்கணக்கில் வேரோடு சாய்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சல்லி வேர்களை ஆழமாகவும் அடர்த்தியாகவும் ஓடவிட்டு, தலையில் பரப்புக் குறைவாக வைத்துக்கொண்டிருக்கும் பனை, காற்றுக்கு அவ்வளவு எளிதில் இடம் கொடுப்பதில்லை. ஆனால் வீடும் ஒரு நியாயந்தானே? பேரன் செங்கல் சூளைக்கு மரம் விற்கவில்லை. மனைவியுடன் படுத்துறங்க ஒரு கூரை கேட்கிறான். அனுமதி கேட்கும் முறை என்பது இந்த இரண்டு நியாயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து விசாரிப்பதற்காகவே இருக்க வேண்டும்.

இப்போது பேரன் என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம். முதலில் எழும் கேள்வி மரத்தைப் பற்றியதே அல்ல, நிலத்தைப் பற்றியது. மனை பட்டாவா, நத்தமா, புறம்போக்கா? பட்டா யார் பேரில் இருக்கிறது? தாத்தா பேரில் இருந்தால், அவர் காலமான பிறகு வாரிசுகள் பேருக்கு மாறியிருக்கிறதா? கடலோரத்துக் குப்பங்களில் தலைமுறைகளாகக் குடியிருந்தும் காகிதம் கையில் இல்லாதவர்கள் பலர். நிலம் ஸர்க்காருடையது, மரம் நம்முடையது என்ற விசித்திர நிலையும் உண்டு. அதற்கென்றே கிராமக் கணக்குகளில் 2-சி என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். புறம்போக்கு நிலத்திலுள்ள மரத்தின் பலனை அனுபவிக்கிற உரிமையைக் கொடுப்பது 2-சி பட்டா. பலனை அனுபவிக்கலாம் என்பதற்கு மரத்தையே விழுங்கலாம் என்று அர்த்தம் இல்லை. இளநீர் பறிக்கலாம், நுங்கு வெட்டலாம், அடிமரத்தில் கோடரி வைக்க வேறு உத்தரவு வேண்டும்.

வீட்டில் நிற்பது பனையாக இல்லாமல் வேம்பாகவோ பூவரசாகவோ இருந்தால் என்ன? இங்கேதான் சட்டம் ஒட்டுப்போட்ட சட்டையைப் போல் இருக்கிறது. மலைப் பிரதேசங்களுக்கு 1955-ஆம் வருஷத்திலேயே மரப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அங்கே சொந்த நிலத்து மரத்தையும் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. ஸர்க்கார் நிலத்து மரங்களுக்கும் சாலையோர மரங்களுக்கும் கலெக்டரின் தலைமையில் ஜில்லாப் பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் சமவெளியிலுள்ள பட்டா மனையில் நிற்கும் சாதாரண மரத்துக்கு, டில்லியில் இருப்பது போன்ற பொதுவான மரப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. பழைய 1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிட்டிச் சட்டத்தில், விழும் நிலையிலுள்ள மரத்தை அப்புறப்படுத்தும்படி வீட்டுக்காரருக்கு உத்தரவிட முனிசிபாலிட்டிக்கு அதிகாரம் இருந்தது. சந்தனம் போன்ற விலை உயர்ந்த மரங்களை விட்டுவிட்டால், வீட்டு மரத்தை 'வெட்டு' என்று சொல்லும் சட்டந்தான் நமக்குப் பழக்கம். 'வெட்டாதே' என்று அதற்காகப் பரிந்து பேசும் சட்டம் புதிது.

மற்ற இடங்களில் இந்தப் பழக்கம் எப்போதோ வந்துவிட்டது. டில்லியில் 1994-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி மர அதிகாரி என்று ஓர் உத்தியோகஸ்தர் உண்டு. விண்ணப்பம் வந்து 60 நாட்களுக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். பம்பாய் ராஜ்யத்தின் வாரிசான மகாராஷ்டிரத்தில் 1975-இலும், கர்நாடகத்தில் 1976-இலும் இத்தகைய சட்டங்கள் வந்தன. நம்மவர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில், மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி மனைகளிலும் அடிமரச் சுற்றளவு ஒரு மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை அனுமதியின்றி வெட்டினால் அபராதம். சட்டம் அங்கே அளவு நாடாவோடு வருகிறது, வாதத்துக்கு இடமில்லை.

ஆனால் நமக்கு மிகவும் ருசிகரமாகத் தோன்றுவது இலங்கைச் சட்டந்தான். 1951-ஆம் வருஷத்து 9-ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே மூன்று மரங்களை அனுமதியின்றி வீழ்த்தக் கூடாது: பலா, ஈரப்பலா, பெண்பனை. மூன்றும் பஞ்ச காலத்தில் வயிற்றைக் காக்கும் மரங்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்தார் தங்கள் வளவுக்குள் நிற்கும் பனையை எடுக்க வேண்டுமானால், அது பெண்பனை என்றால் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். ஆண்பனைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பழம் தராத ஆண்மக்களைப் பற்றி அந்தச் சட்டம் இயற்றியவர்களுக்கு உயர்ந்த அபிப்பிராயம் இருந்ததாகத் தெரியவில்லை! பின்னால் வந்த யுத்த காலத்தில் ஆண், பெண் என்ற பேதமே இல்லாமல், பதுங்கு குழிகளுக்காகவும் அரண்களுக்காகவும் வடக்குப் பிரதேசத்துப் பனைகள் கணக்கின்றி விழுந்தன. வீட்டுக்காரரின் கோடரியைத் தடுக்கத் தெரிந்த சட்டத்துக்கு யுத்தத்தைத் தடுக்கத் தெரியவில்லை.

கட்டுப்பாடு அவசியம் என்று இதிலிருந்தெல்லாம் ஏற்படுகிறது. கட்டுப்பாடு எவ்வளவு, எப்படி என்பதற்கு நம் அருகிலேயே ஒரு பாடம் இருக்கிறது. அது சந்தன மரத்தின் கதை. 1792-இல் திப்பு சுல்தான் மைசூரில் சந்தனத்தை ராஜ மரம் என்று பிரகடனம் செய்தார். திப்பு போனார், ஆங்கிலேயர் வந்தனர், அவர்களும் போயினர், சந்தனத்தின்மேல் ராஜாங்கத்தின் பிடி மட்டும் போகவில்லை. ஏழை விவசாயி ஒருவன் நிலத்தில் பறவை எச்சத்தால் ஒரு சந்தனக் கன்று முளைத்தால், அது அவனுக்கு அதிர்ஷ்டம் அன்று, ஆபத்து. காவல் அவன் தலையில். லாபம் வேறொருவர் பெட்டியில். திருடு போனால் விசாரணை அவன் வாசலில். புத்திசாலியான விவசாயி என்ன செய்வான்? கன்று விரல் உயரம் இருக்கும்போதே கிள்ளி எறிந்தான். மரத்தைக் காக்க வந்த சட்டம் மரத்தின் முளையைக் கிள்ளியது. 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் சந்தனத்தை அழிவுக்கு ஆட்படக்கூடிய இனங்களின் ஜாபிதாவில் சேர்த்தது. பிறகு 2001-இல் கர்நாடகமும் 2002-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, தன் நிலத்துச் சந்தனத்தின்மேல் நிலத்துக்காரருக்கு உரிமை கொடுத்தன. அதன் பிறகே ஜனங்கள் சந்தனக் கன்றை விலைகொடுத்து வாங்கி நட முன்வந்தார்கள்.

பனை விஷயத்திலும் இந்த அபாயம் இல்லாமற் போகவில்லை. நம்முடைய பேரன் 'உழவன்' செயலியில் மனுப் போடுகிறான்; ஆறு மாதம் பதில் வரவில்லை; கல்யாணம் தாழ்வாரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் மறுபடியும் எவனாவது தன் மனைக்குள் பனங்கொட்டை புதைப்பானா? முளைத்திருப்பதையும் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிவிடுவான். மரம் வெட்டுகிறவனைக் கட்டுப்படுத்த வந்த உத்தரவு, மரம் வைத்தவனைத் தண்டிப்பதாக முடியும். வைக்காதவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லையே!

அப்படியானால் அனுமதி முறை எப்படி இருக்க வேண்டும்? இதற்குப் பாடம் கற்க டில்லிக்கும் சிங்கப்பூருக்கும் போக வேண்டியதில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையிலேயே அது இருக்கிறது. அங்கே 'பாடு' என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒரே மாதிரி விழுவதில்லை. நல்ல இடத்துக்கு எல்லாரும் ஓடினால் அடிதடியில் முடியும். ஆகவே தலைக்கட்டுக்காரர்கள் கூடிப் பேசி, சீட்டுப் போட்டு, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் சுத்துவலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறிடம். முறை வராமல் ஒருவரும் வலையை இறக்குவதில்லை. தண்ணீர் கண் முன்னே கிடந்தும், வலை தோளில் இருந்தும், உத்தரவுக்குக் காத்திருக்கும் பழக்கம் அந்த ஜனங்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அந்த ஏற்பாடு ஏன் நிலைத்தது? முடிவு சொல்கிறவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். முடிவு எல்லாருக்கும் முன்னால் நடக்கிறது. பதிலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பெரிய வலைக்காரருக்கும் சிறிய வலைக்காரருக்கும் ஒரே சீட்டு. பாடு முறையில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பாட்டில் சேர்க்கப்படாத சமூகத்தாருக்கு நல்ல இடங்கள் கிடைப்பதில்லை என்ற மனத்தாங்கல் பழையது. அதனால் சண்டைகளும் வந்திருக்கின்றன. ஆயினும் உள்ளே இருக்கிறவர்கள் அந்த உத்தரவை மதிப்பதற்குக் காரணம், அது அருகில் இருக்கிறது, சீக்கிரம் வருகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறது என்பதே. மர அனுமதிக்கும் இந்த நாலு லட்சணங்கள் வேண்டும்.

நாலாவதான சமத்துவத்தைப் பற்றிக் காட்டுப்பள்ளிக்காரர்களிடம் பேசும்போது கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேச வேண்டும். 2001-இல் அவர்களுக்குத் தெற்கே எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2013 முதல் காட்டுப்பள்ளியிலேயே ஒரு துறைமுகம் நடந்து வருகிறது. அது வருவதற்காகக் குப்பத்துக் குடும்பங்கள் இருந்த இடத்தை விட்டு வேறிடத்தில் குடியமர்ந்தன. பிறகு அந்தத் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விஸ்தரிக்க யோசனை எழுந்தது. அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் 2021 ஜனவரியில் ஒரு முறையும், 2023 செப்டம்பரில் ஒரு முறையும் தேதி குறிக்கப்பட்டு ஒத்திவைக்கப்பட்டது. துறைமுகம் வேண்டுமா, வேண்டாமா என்பது இந்தப் பத்தியின் விஷயம் அல்ல. ஒற்றைப் பனைக்காகப் பேரன் பதில் சொல்லும் கேள்விகளை, ஆயிரம் மரங்களை எடுக்க வருகிறவரும் அதே மாதிரி, அதே கண்டிப்புடன், அதே குப்பத்து ஜனங்களின் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டும் என்பதே நம்முடைய கோரிக்கை. ஏன் இந்த மரம் போக வேண்டும்? வேறு வழி இல்லையா? ஈடாக எதை, எங்கே வளர்ப்பீர்கள்? அறைக்கும் துறைமுகத்துக்கும் கேள்வி ஒன்றுதான்.

பெரிய கோடரியையும் தடுக்க முடியும் என்பதற்குச் சமீபத்திய உதாரணம் உண்டு. தாஜ்மகாலைச் சுற்றியுள்ள பாதுகாப்பு வட்டாரத்தைச் சேர்ந்த பிருந்தாவனத்தில், ஒரு தனியார் தோட்டத்தில் 454 மரங்கள் அனுமதியின்றி வெட்டப்பட்டன. 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, மரம் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம் என்று தீர்மானித்தது. சொந்த நிலம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. கண்ணனுடைய ஊரில் மரத்துக்கு நியாயம் கிடைத்தது என்று நாம் சந்தோஷப்படலாம். வெட்டுமுன் கிடைத்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்போம்.

இனி, வீட்டில் மரம் உள்ள நேயர்களுக்கு இரண்டொரு யோசனை. பிள்ளைகளுக்கு விண்ணப்பம் எழுதக் கற்பிப்பது நம்முடைய தொழில். ஆகையால் இதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. மரம் எடுப்பதற்கான மனுவில் 'சமூகம் அவர்களின் பொற்பாதங்களுக்கு' என்று அரைப் பக்கம் எழுத வேண்டியதில்லை. சர்வே நம்பர், பட்டா யார் பேரில் இருக்கிறது, மரம் என்ன ஜாதி, எத்தனை, அடிமரச் சுற்றளவு, சுவரிலிருந்து எத்தனை அடி தூரம், எடுக்க வேண்டிய காரணம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, மரமும் வீடும் சேர்ந்து தெரியும்படி புகைப்படம் வைத்தால் போதும். ஈடாகக் கன்று நடப்போகும் இடத்தையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள். மனுக் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டணவாசிகள், பனை அல்லாத மரமானாலும், மாநகராட்சியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு காரியத்தைத் தொடங்குவது நல்லது. தெருவில் நிற்கும் மரமானால் கேட்காமல் தொடவே கூடாது.

மனு எழுதுமுன், மரத்தை எடுக்கத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். வேம்பிலும் பூவரசிலும் கூரையைத் தொடும் ஒரு கிளையை வாங்கினாலே பாதித் தொல்லை தீரும். இலை விழுவது மரத்தின் குற்றம் அன்று. சுவரை இரண்டடி தள்ளிப் போட்டால் மரம் பிழைக்குமா என்று கொத்தனாரைக் கேட்கலாம். அவர் 'முடியாது' என்று சொன்னால் இரண்டாவது தடவையும் கேட்கலாம். பனைக்குக் கிளை இல்லை. ஆதலால் நடுவழி இல்லை. அதை வைத்துக்கொள்வது, அல்லது எடுப்பது, இரண்டில் ஒன்றுதான். நாளுக்கு நாள் சாய்ந்துகொண்டு, குழந்தைகள் படுக்கும் கூரையின்மேல் விழக்கூடிய மரமானால் தயங்க வேண்டாம். உடனே தாசில்தாருக்குத் தெரிவியுங்கள். மரத்துக்காக மனிதர் சாக வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

கடைசியாக அந்தப் பத்துக் கன்று விஷயம். பள்ளிக்கூடத்துக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். பனைக்குப் பனை பத்தடி இடைவெளி விட வேண்டும். அதாவது கன்று ஒன்றுக்கு 100 சதுர அடி. பத்துக் கன்றுக்கு 1,000 சதுர அடி. பேரனுடைய மனை 3 சென்ட். சுமார் 1,300 சதுர அடி. உத்தரவைத் தன் மனைக்குள்ளேயே நிறைவேற்றினால், 300 சதுர அடியில் ஆயாவும் பேரனும் புது மருமகளும் குடியிருக்க வேண்டும். அறை கட்டுவதற்காக வெட்டிய பனை, அறை கட்ட முடியாமலே செய்துவிடும். ஆகையால் இத்தகைய குடும்பங்களுக்கு ஏரிக்கரையிலோ மணல்மேட்டிலோ பொது இடத்தை ஊரார் பார்த்துக் குறித்துக் கொடுப்பதே வழி. 2023-இல் கடலோர ஜில்லாக்கள் பதினான்கிலும் ஒரு கோடிப் பனை விதைகளை நடுவதென்று ஒரு பெரு முயற்சி நடந்தது. இடம் இல்லை என்பது பொய். இடத்தை யார் காட்டுவது என்பதுதான் கேள்வி.

அந்த இடத்தைக் காட்டும் பொறுப்பைக் கலெக்டர் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் அங்குள்ள பள்ளிக்கூடத்துக்கும் விட்டால் நன்றாயிருக்கும். பழுத்து விழுந்த பனங்கொட்டைக்கு விலை கிடையாது. பிள்ளைகள் கோணிப்பையோடு போய்ப் பொறுக்கி வருவார்கள். இன்ன வீட்டுப் பனைக்கு ஈடாக இன்ன பத்து என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதியும் வைப்பார்கள். அவை ஆணா, பெண்ணா என்று தெரிவதற்குப் பதினைந்து வருஷம் ஆகும். அதற்குள் உத்தரவு கொடுத்த கலெக்டர் மாறியிருப்பார், குழுவும் மாறியிருக்கும். எழுதி வைத்த பிள்ளைகளில் சிலராவது அந்தக் கரையிலேயே வீடு கட்டிக்கொண்டு இருப்பார்கள். கணக்குப் பார்க்க அவர்களே போதும்.